ஒரே வரைபடம், இரண்டு மடங்கு எரிவாயு: ட்வின் ரிவர்ஸ் வீடுகளின் கதை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஈஸ்ட் விண்ட்சர் என்ற ஊரில் ட்வின் ரிவர்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1970 வாக்கில் மொத்தமாகத் திட்டமிட்டுக் கட்டியது. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், மரச்சட்டக் கட்டுமானம். கீழே நிலவறை, அதில் எரிவாயு உலை. அதன் மேல் இரண்டு தளம். எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக்கு அடியில், யாரும் புழங்காத ஒரு பரண். குளிர்காலத்தில் உலை சூடாக்கிய காற்று டக்ட் என்ற காற்றுக்குழாய் வழியாக அறைகளுக்குப் போகும். விசேஷமான வீடுகள் என்று எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் எல்லோரும் கட்டிய மாதிரியான வீடுகள்தான்.

1972இல் பக்கத்திலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு இங்கே வந்தது. தலைமை, ராபர்ட் சாகொலோ என்ற இயற்பியலாளர். அவரோடு பொறியாளர்கள், புள்ளியியலாளர்கள், உளவியலாளர்கள். அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி: மனிதர்கள் குடியிருக்கும் ஒரு சாதாரண வீட்டில் வெப்பம் எங்கே போகிறது, அதை எவ்வளவு குறைக்கலாம்? அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து, அந்தக் கேள்வி நாடு முழுவதற்கும் உரியதாகிவிட்டது. 1978இல் முடிவுகள் வெளிவந்தன.

இருக்கிற வீட்டை ஆற்றல் சிக்கனமாக மாற்ற நினைக்கும் யாருக்கும் முதலில் சொல்ல வேண்டிய நிகழ்வு இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால், நாம் பெரும்பாலும் கடையிலிருந்து தொடங்குகிறோம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடலாமா, புது ஏசி வாங்கலாமா, கூரைக்கு எத்தனை அங்குல இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் உறை? ட்வின் ரிவர்ஸில் அவர்கள் மீட்டரிலிருந்து தொடங்கினார்கள். அதனால்தான் வரைபடத்தில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

மீட்டர் காட்டிய முதல் விஷயம்

ஒரே திட்டப்படி, ஒரே நிறுவனம், ஒரே காலத்தில் கட்டிய வீடுகள் என்றால் எரிவாயுச் செலவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். மாதாமாதம் மீட்டர் அளவுகளைச் சேர்த்து அடுக்கிப் பார்த்தபோது, ஒரே அமைப்புள்ள வீடுகளுக்குள்ளேயே அதிகம் செலவழித்த வீட்டுக்கும் குறைவாகச் செலவழித்த வீட்டுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அதே வரைபடம், அதே உலை, அதே வெளிக்குளிர்.

வித்தியாசம் வீட்டிலா, ஆளிலா? இதைப் பிரித்தறிய ஆய்வாளர் ராபர்ட் சாண்டரெக்கர் எடுத்த வழி அழகானது. குடியிருப்பில் சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள், வேறு குடும்பங்கள் வந்தன. மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள். குறை வீட்டிலேயே இருக்கிறது என்றால், ஆள் மாறினாலும் அதிகம் குடித்த வீடு தொடர்ந்து அதிகமாகவே குடிக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. குடும்பம் மாறிய வீடுகளில் பழைய குடும்பத்தின் செலவை வைத்துப் புதுக் குடும்பத்தின் செலவைச் சொல்ல முடியவில்லை. வீட்டின் அளவு, ஓரத்து வீடா நடு வீடா, ஜன்னல் எவ்வளவு என்பதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சமிருந்த வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் குடியிருந்தவர்களால் வந்தது என்று அவர் கணக்கிட்டார்.

இது எப்படிச் சாத்தியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் நான் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை, ட்வின் ரிவர்ஸின் அளவீடுகள் அல்ல. உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்கும் ஒரு வீடு 300 வாட் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 6 டிகிரி. ஒரு குடும்பம் உள்ளே 18 டிகிரி வைத்திருக்கிறது: இழப்பு 3,600 வாட். இன்னொரு குடும்பம் 23 வைத்திருக்கிறது: 5,100 வாட். ஆனால் இழப்பு முழுவதையும் உலை ஈடுகட்டுவதில்லை. மனித உடம்பு, அடுப்பு, விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, ஜன்னல் வழி வரும் வெயில் எல்லாம் சேர்ந்து இலவசமாக ஒரு 1,500 வாட் தருகின்றன என்று கொண்டால், உலை தர வேண்டியது முதல் வீட்டில் 2,100, இரண்டாவது வீட்டில் 3,600. வீட்டுக்குள் எத்தனை டிகிரி வேண்டும் என்று குறித்துவைக்கும் தெர்மோஸ்டாட்டில் 5 டிகிரி, செலவில் 1.7 மடங்கு. இதோடு ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கம், வெறும் அறையையும் சூடாக்கும் பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்தால் இரண்டு மடங்கை எட்டுவது கடினமில்லை.

இந்த இலவச வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு இடத்தில் இது வரும்.

பரணில் இருந்த புதிர்

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வீடுகளின் பரண் தரையில் கண்ணாடி இழை இன்சுலேஷன் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அதன் தடிமன் தெரியும், பரப்பு தெரியும். குளிர்காலத்தில் பரண் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்று பாடப்புத்தக முறைப்படி கணக்கிட்டுவிடலாம். கூரை வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கீழிருந்து வரும் வெப்பத்தை இன்சுலேஷன் தடுக்கிறது. அப்படியானால் பரண் கிட்டத்தட்ட வெளியளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். வெப்பமானியை வைத்துப் பார்த்தால், கணக்கு சொன்னதைவிடப் பரண் கதகதப்பாக இருந்தது. அதாவது எங்கிருந்தோ வெப்பம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

ஜான் பேயா, கௌதம் தத், தாமஸ் வொடெக்கி ஆகியோர் இதைத் துருவினார்கள். பரண் வழியாகப் போகும் வெப்பம் வழக்கமான கணக்கு சொன்னதைப் போல மூன்று முதல் ஏழு மடங்கு என்று வந்தது. இன்சுலேஷனில் குறை இல்லை. வெப்பம் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

இரண்டு பாதைகள் முக்கியமானவை. ஒன்று, நிலவறை உலையின் புகைக்குழாய். அது வீட்டின் நடுவே ஒரு ஷாஃப்ட், அதாவது செங்குத்தான கூண்டு வழியாக நேரே மேலேறிக் கூரைக்கு வெளியே போகிறது. குழாயைச் சுற்றி இடைவெளி விட்டிருந்தார்கள், அந்த இடைவெளி மேலே பரணில் திறந்தே இருந்தது. நிலவறையின் சூடான காற்று ஏறுவதற்கு ஒரு தனிப் புகைபோக்கி கட்டிக்கொடுத்தது போல. இரண்டாவது, வீட்டுக்கு வீடு நடுவே நிற்கும் பொதுச்சுவர். அது ஹாலோ பிளாக்கில் கட்டியது. இரு பக்கமும் சூடான வீடுகள் இருப்பதால் அந்தச் சுவரில் இழப்பே இல்லை என்று கணக்கில் பூஜ்யம் போட்டிருப்பார்கள். ஆனால் கல்லின் உள்ளறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, நிலவறையிலிருந்து பரண் வரை செங்குத்துக் குழாய்களாகிவிட்டன. சுவரே வெப்பத்தை மேலே இறைத்தது.

சூடான காற்று லேசானது, மேலே போகும். இது பள்ளிப் பாடம். உயரமான பாத்திரத்தில் அடியில் ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை இருந்தால் ஓட்டம் நிற்காது. குளிர் நாளில் ஒரு வீடு அந்தப் பாத்திரம்தான். மேலே வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டர் சூடான காற்றுக்கும் ஈடாகக் கீழே குளிர்காற்று நுழைகிறது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 0.33 வாட்-மணி வேண்டும். சின்ன எண்தான். 350 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் மணிக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறினால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 115 வாட் இழப்பு.

இப்போது இந்தப் பாதைகளை அடைக்காமல் பரணில் இன்சுலேஷனை மட்டும் தடிமனாக்கினால் என்ன ஆகும்? பரண் தரை 70 சதுர மீட்டர் என்று கொள்வோம். அமெரிக்க அளவுமுறையில் ஆர்-11 என்று சொல்லும் இன்சுலேஷன் (ஆர் எண் கூடக் கூட வெப்பத்தைத் தடுக்கும் திறன் கூடும்) இருந்தால் ஒரு டிகிரிக்கு இழப்பு சுமார் 36 வாட். அதை ஆர்-30 ஆக்கினால் சுமார் 13 வாட். காகிதத்தில் 60 சதவீதத்துக்கு மேல் மிச்சம். ஆனால் உண்மையான இழப்பு மூன்று மடங்கு, அதாவது 108 வாட் என்றால், அதில் 72 வாட் சுற்றுப்பாதையில் போகிறது. இன்சுலேஷனைத் தடிமனாக்கிய பிறகு 13 உடன் அந்த 72 சேர்ந்து 85. மிச்சம் 20 சதவீதம்தான். தோராயக் கணக்குதான் இது, என்றாலும் அளவைக் காட்டப் போதும். வேலை சுத்தமாக நடந்திருக்கும், நல்ல பொருளைத்தான் போட்டிருப்பார்கள், பில் மட்டும் சொன்ன அளவு இறங்காது. வீட்டுக்காரர் இன்சுலேஷன் என்பதே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிடுவார். இது பலருக்கு நேர்வது, எனக்கு வருத்தமாக இருப்பதும் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது

ஓட்டை இருக்கிறது என்று தெரிவது ஒன்று, எவ்வளவு என்று சொல்வது வேறு. டேவிட் ஹார்ஜி முதலானோர் வீட்டுக்குள் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயுவை மிகச் சிறிய அளவில் விட்டு, அது எவ்வளவு வேகமாக நீர்த்துப்போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். வீட்டின் காற்று எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்பதற்கு அதுதான் நேரடி விடை. காற்று வீசும் நாளுக்கும் அமைதியான நாளுக்கும், கடுங்குளிருக்கும் மிதமான குளிருக்கும் அந்த எண் மாறிக்கொண்டே இருந்தது. அகச்சிவப்புக் கேமராவையும் கொண்டுவந்து சுவரில் எங்கே இன்சுலேஷன் விட்டுப்போயிருக்கிறது என்று படமாகவே பார்த்தார்கள். காற்றுக்குத் தடையாக ஊசியிலை மரங்களை வரிசையாக வைத்தால் கசிவு குறைகிறதா என்றுகூடச் சோதித்தார்கள். குறைந்தது.

இன்று இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒரு பெரிய மின்விசிறி போதும். வாசற்கதவின் இடத்தில் துணிச் சட்டம் கட்டி அதில் விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இறைத்து, உள்ளே 50 பாஸ்கல் அழுத்தக் குறைவை உண்டாக்குவார்கள். அந்த அழுத்தத்தை நிலைநிறுத்த எவ்வளவு காற்றை இறைக்க வேண்டியிருக்கிறதோ அதுதான் வீட்டின் கசிவு அளவு. விசிறி ஓடும்போது வீட்டைச் சுற்றி நடந்தாலே போதும். சுவிட்ச் பெட்டி, பரண் மூடி, குழாய் சுவருக்குள் நுழையும் இடம், அலமாரியின் பின்பக்கம் என்று கையில் காற்று படும். விசிறியும் அகச்சிவப்புக் கேமராவும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பரிசோதித்து, அன்றைக்கே கசிவுகளை அடைத்துவிட்டு வரும் முறையைப் பிரின்ஸ்டன் குழு பிற்பாடு வளர்த்தது. அந்த வேலை செய்பவருக்கு ‘வீட்டு மருத்துவர்’ என்று பெயர். நல்ல பெயர். நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை.

முதல் சுற்றும் சிண்டனின் வீடும்

முதல் சுற்றில் அவர்கள் செய்தவை எல்லாம் எளிய வேலைகள். பரண் இன்சுலேஷனைத் தடிமனாக்கினார்கள். ஜன்னல், கதவு இடுக்குகளை அடைத்தார்கள். நிலவறையில் ஓடும் டக்டுகளுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் உறை போட்டார்கள். புகைக்குழாய் ஷாஃப்டின் வாயை மூடினார்கள். குளிர்கால எரிவாயு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. இதில் ஒன்றுகூட வீட்டின் தோற்றத்தை மாற்றவில்லை.

அப்புறம் ஃபிராங்க் சிண்டன் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்தார். ஜன்னல் வழி இழப்பு, காற்றுக்கசிவு, பரண், நிலவறைச் சுவர் என்று எல்லா வழிகளையும் சேர்த்துக் கையாண்டார். சூடேற்றத் தேவை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தெரிந்த வேலைதான். எதையும் விட்டுவிடாமல் செய்ததில்தான் வித்தியாசம்.

கால் பங்கு எங்கே, மூன்றில் இரண்டு எங்கே? இங்கேதான் அந்த இலவச வெப்பம் திரும்ப வருகிறது. முன்பு எடுத்த கற்பனை வீட்டுக்கே போவோம். உள்ளே 21, வெளியே 6, ஒரு டிகிரிக்கு 300 வாட் இழப்பு. மொத்தம் 4,500, இலவசம் 1,500 போக உலை தருவது 3,000. இழப்பைப் பாதியாக்கினால் மொத்தம் 2,250. இலவச வெப்பம் அதே 1,500தான். உலை தர வேண்டியது வெறும் 750. இழப்பு பாதியானது, உலையின் வேலை கால்வாசியானது. முதலில் வீட்டுக்கு வெளியே குளிர் 16 டிகிரிக்குக் கீழே போனாலே உலை எரிய வேண்டும். இப்போது 11 டிகிரி வரை எரிய வேண்டியதில்லை. ஆண்டில் எத்தனை நாட்கள் 11க்கும் 16க்கும் நடுவே கழிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாட்கள் முழுவதும் உலை அணைந்தே இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடுத்து, இதில் எவ்வளவு மிச்சம், எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று பார்ப்பது பாதி உண்மையைத்தான் காட்டும். முன்னால் செய்த வேலை, பின்னால் செய்யும் வேலையின் பலனை மாற்றிவிடுகிறது. இழப்பு குறையக் குறைய, மிச்சமிருக்கும் தேவையில் இலவச வெப்பத்தின் பங்கு கூடுகிறது. அதே சமயம் உலையின் திறனை உயர்த்துவதால் வரும் மிச்சம் சுருங்குகிறது, ஏனென்றால் உலைக்கே வேலை குறைந்துவிட்டது.

அடைப்பதில் உள்ள ஆபத்து

இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இடைவெளியைக் கண்டபடி நுரையோ பிளாஸ்டிக்கோ வைத்து அடைக்கக் கூடாது. குழாய் சூடாகும், தீப்பிடிக்கும். அந்த இடத்தில் உலோகத் தகடும் தீத்தாங்கும் அடைபொருளும்தான். அதையும் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். வீட்டுக்குள் எரியும் உலையோ வெந்நீர் அடுப்போ இருந்தால், அது எரியவும் புகையை வெளியே தள்ளவும் காற்று வேண்டும். வீட்டை இறுக்கமாக அடைத்துவிட்டுச் சமையலறைப் புகைவிசிறியை ஓடவிட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே போக வேண்டிய புகை புகைக்குழாய் வழியாகத் திரும்பி வீட்டுக்குள் இறங்கலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். ஆகவே இடுக்கு அடைக்கும் வேலைக்கு முன்னும் பின்னும் எரியும் கருவிகளின் புகையோட்டத்தைச் சோதிப்பதும், கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் திட்டத்தின் பகுதி. மிச்சப்பட்டால் செய்யலாம் என்று தள்ளிவைக்கும் காரியம் இல்லை.

ஈரமும் அப்படித்தான். குளிப்பது, சமைப்பது, மூச்சு விடுவது என்று ஒரு குடும்பம் நாள் முழுவதும் காற்றில் நீராவியைச் சேர்க்கிறது. கசிவுள்ள வீட்டில் அது தானாக வெளியே போய்விடும். அடைத்த வீட்டில் போக வழி வேண்டும். குளியலறையிலும் சமையலறையிலும் ஒழுங்காக வெளியே தள்ளும் விசிறி, உள்ளே வரும் காற்றுக்கு ஒரு திட்டமிட்ட வழி. தற்செயலான ஓட்டைகளை அடைத்துவிட்டு, நாமே தீர்மானித்த ஓட்டைகளை வைப்பது என்று இதைச் சொல்லலாம்.

இதை ஒரு வீட்டுத் திட்டமாக மாற்றும்போது

சரி, நம் கையில் இருக்கும் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? முதல் வேலைக்குச் செலவே இல்லை. பன்னிரண்டு மாத பில்லை எடுத்து, ஒவ்வொரு மாதமும் வெளியே எவ்வளவு குளிர் அல்லது வெயில் இருந்தது என்பதோடு ஒப்பிட்டு ஒரு தாளில் புள்ளி வைப்பது. பிரின்ஸ்டனில் மார்கரெட் ஃபெல்ஸ் 1986இல் விளக்கி எழுதிய முறையின் சாரம் இதுதான். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு கோட்டில் விழும். கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது வீட்டின் வெப்ப இழப்பையும் கருவியின் திறனையும் சொல்லும். கோடு எந்த வெப்பநிலையில் ஏறத் தொடங்குகிறது என்பது தெர்மோஸ்டாட் பழக்கத்தையும் இலவச வெப்பத்தையும் சொல்லும். சூடேற்றமோ குளிரூட்டலோ தேவைப்படாத மாதங்களிலும் தட்டையாக நிற்கும் அளவு, வெந்நீரும் சமையலும் மின்கருவிகளும் எடுத்துக்கொள்வது. கோடு செங்குத்தாக இருந்தால் பரணுக்குப் போக வேண்டும். தட்டையான பகுதி உயரமாக இருந்தால் ஜன்னலை மாற்றிப் பயனில்லை, வெந்நீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, வீட்டை ஒரு நாள் முழுக்கப் பரிசோதிப்பது. விசிறிச் சோதனை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், காற்று வீசும் நாளில் ஊதுபத்திப் புகையை இடுக்குகளில் பிடித்துப் பார்க்கலாம். பரணில் ஏறி இன்சுலேஷனைத் தூக்கிப் பாருங்கள். எங்கெல்லாம் அது அழுக்கேறிக் கறுத்திருக்கிறதோ அங்கெல்லாம் காற்று அதை வடிகட்டியாக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. குழாய், ஒயர், புகைக்குழாய், பொதுச்சுவர், படிக்கட்டின் மேல்பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தளத்துக்குத் தளம் செங்குத்தாக ஓடும் எதையும் சந்தேகப்பட வேண்டும்.

வேலையின் வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் காற்றுவழிகளை அடைப்பது, அதன்மேல் இன்சுலேஷன், பிறகு டக்ட். உலை, ஏசி போன்ற கருவி கடைசி. இன்சுலேஷனைப் போட்டுவிட்டால் அதற்கு அடியில் இருக்கும் ஓட்டையை அப்புறம் தேடுவது நரகம். கருவி கடைசியில் வர வேண்டியதற்குக் காரணம் இன்னும் வலுவானது. இழப்பு பாதியான வீட்டுக்குப் பழைய அளவில் கருவி வாங்கினால் அது கொஞ்ச நேரம் ஓடி நின்று, மறுபடி ஓடி நின்று, திறன் குறையும். குளிரூட்டும் கருவியென்றால் காற்றின் ஈரத்தை எடுக்கும் அளவுக்கு ஓடவே ஓடாது. வேலை முடிந்த வீட்டுக்கு அளவெடுத்து வாங்கினால் சின்னக் கருவியே போதும், அந்த வித்தியாசத்திலேயே முன்செலவில் ஒரு பகுதி திரும்பிவிடும். கருவி திடீரென்று பழுதாகி அவசரமாக மாற்ற வேண்டிய நிலைதான் இந்த வரிசையைக் கெடுக்கிறது. ஆகவே உங்கள் கருவிக்கு வயதாகிவிட்டது என்றால் இன்றைக்கே அடைப்பு வேலையைத் தொடங்க அதுவே நல்ல காரணம்.

ஜன்னல் மாற்றுவதை நான் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளுவேன். ஒற்றைக் கண்ணாடியைவிட இரட்டைக் கண்ணாடி இழப்பைப் பாதியாக்கும் என்பது உண்மை. ஆனால் செலவு அதிகம், மொத்தச் சுவரில் ஜன்னலின் பங்கு குறைவு. பல வீடுகளில் சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்குதான் பாதிக் குற்றவாளி. ஜன்னல் எப்படியும் உளுத்துப்போய் மாற்றப்போகிறீர்கள் என்றால் அது வேறு.

வெப்பமான இடங்களில் ஓட்டம் தலைகீழாகும். கூரை கொதித்து, அந்தச் சூடு கதிர்வீச்சாகக் கீழே இறங்குகிறது. வெயிலை மேலேயே திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும், ஜன்னலுக்கு வெளியே விழும் நிழலும் அங்கே முதல் வரிசைக்கு வந்துவிடும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை உள்பக்கத் திரை முழுதாகத் தடுக்க முடியாது. ஏசியின் டக்ட் கொதிக்கும் பரண் வழியாகப் போனால் அதன் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவு. ஆனாலும் முதல் கேள்வி அதேதான்: வெப்பம் எந்த வழியாக வருகிறது, அந்த வழி வரைபடத்தில் இருக்கிறதா?

வீட்டில் இருப்பவர்கள்

இரண்டு மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் ஆட்களால் வந்தது என்றால், சுவரை மட்டும் திருத்தினால் போதுமா? உளவியலாளர்கள் கிளைவ் செலிக்மனும் ஜான் டார்லியும் ட்வின் ரிவர்ஸில் இதைச் சோதித்தார்கள். கோடைக்காலம், ஏசி ஓடும் நாட்கள். சில வீடுகளுக்கு, எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு மின்சாரம் செலவழித்திருக்கிறீர்கள் என்று அவ்வப்போது எழுதிக் காட்டினார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. அந்த வீடுகள் மற்ற வீடுகளைவிட 10.5 சதவீதம் குறைவாகச் செலவழித்தன. 1977இல் வெளியான முடிவு இது.

அடுத்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. மாலையில் வெளியே குளிர்ந்துவிட்டாலும், சாத்திய வீட்டுக்குள் இருப்பவருக்கு அது தெரியாது, ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். லாரன்ஸ் பெக்கரும் செலிக்மனும் வீட்டுக்குள் ஒரு நீல விளக்கு வைத்தார்கள். வெளியே சுமார் 20 டிகிரிக்குக் கீழே இறங்கியும் ஏசி ஓடினால் விளக்கு மின்னும், ஏசியை அணைத்தால் நிற்கும். அவ்வளவுதான். மின்சாரச் செலவு 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. யாரும் வியர்வையில் தவிக்கவில்லை, யாரையும் சிக்கனமாக இருக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை. வேண்டிய தகவல் வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் இருந்தது. திட்டத்தில் ஒரு எளிய வெளிவெப்பமானியையும், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மின்சார அளவையும் சேர்ப்பதை நான் இன்சுலேஷனுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

மிச்சமானது எவ்வளவு?

வேலை முடிந்த அடுத்த ஆண்டு பில் குறைந்தால் சந்தோஷப்படுவோம். ஆனால் அந்தக் குளிர்காலம் மிதமாக இருந்திருக்கலாம். கல்லூரிக்குப் போன பிள்ளையின் அறை காலியாக இருந்திருக்கலாம். ட்வின் ரிவர்ஸில் இந்தச் சிக்கல் பெரிதாகவே வந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு யாரும் தொடாத வீடுகளிலும் எரிவாயுச் செலவு குறைந்தது, மக்கள் தெர்மோஸ்டாட்டை இறக்கிவிட்டார்கள். திருத்திய வீட்டின் குறைவை முழுவதுமாகத் திருத்தத்தின் கணக்கில் எழுதியிருந்தால் பொய்க்கணக்காகியிருக்கும். ஆகவே திருத்தாத வீடுகளையும் கூடவே அளந்து, அவற்றில் குறைந்ததைக் கழித்த பிறகு மிஞ்சியதைத்தான் திருத்தத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தனி வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டு மீட்டர் கிடைக்காது. அந்தப் பழைய பன்னிரண்டு புள்ளிகள் இருக்கின்றன. வேலை முடிந்த பிறகு இன்னொரு பன்னிரண்டு மாதப் புள்ளிகளை அதே தாளில் வேறு நிறத்தில் வையுங்கள். குளிர் எப்படி இருந்தாலும் கோட்டின் சாய்வு அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். சாய்வு இறங்கியிருந்தால் அடைத்த ஓட்டைகள் அடைந்திருக்கின்றன. சாய்வு அப்படியே இருந்து, கோடு தொடங்கும் இடம் மட்டும் நகர்ந்திருந்தால், மாறியது வீடு அல்ல, தெர்மோஸ்டாட் அல்லது இலவச வெப்பம். அப்போது மறுபடி ஒரு டார்ச்சோடு பரணுக்கு ஏற வேண்டியதுதான்.